பட்டன் இளைத்த காரணம்

தையற்கடைக்காரருக்கு அந்தத் தெருவில் டேப்பு என்றுதான் பெயர். பெற்றவர்கள் ஆசையாக வைத்த பெயர் ஒன்று உண்டு. அது அடையாள அட்டையில் நிம்மதியாகத் தூங்குகிறது, யாரும் போய் எழுப்புவதில்லை. காலையில் கடைக் கதவைத் திறக்கும்போது கழுத்தில் ஏறுகிற அளவு டேப்பு, படுக்கப் போகும்போதுதான் இறங்கும். சில நாள் அப்போதும் இறங்காது. மனைவிதான் தூக்கத்தில் புரட்டிக் கழற்றி ஆணியில் மாட்டுவாள்.

புதுத்துணி தைக்கிற தையற்காரர் அல்ல அவர். தைத்து வந்த துணியை உடம்புக்குச் சரி பண்ணுகிறவர். பிடிக்கிறது, பிரிக்கிறது, ஏற்றுகிறது, இறக்குகிறது, இவ்வளவுதான் தொழில். ரெடிமேட் கடை வந்தபோது மற்றத் தையற்காரர்கள் எல்லாம் தலையில் கை வைத்துக்கொண்டார்கள். இவர் மட்டும் சந்தோஷப்பட்டார். "எவனோ ஒருத்தன், எவன் உடம்பையும் பார்க்காம தைச்சு அனுப்புறான். அதைச் சரி பண்ண ஒருத்தன் வேணுமா வேண்டாமா?" என்றார். வேண்டியிருந்தது. பிழைப்பு நன்றாகவே நடந்தது.

இப்படி ஒரு தொழிலில் இருப்பவனுக்குத் தெருவில் உள்ளவர்களின் வயிற்றுக் கதை முழுக்கத் தெரிந்துவிடும். கல்யாணமான மாப்பிள்ளை பேண்டைப் பிரித்துவிடக் கொண்டு வருவான். வேலை போனவன் பிடிக்கக் கொண்டு வருவான். "என்ன, இடுப்புல ரெண்டு விரல் இறங்கியிருக்கு? வீட்டுல பேச்சுவார்த்தை இல்லையா?" என்று டேப்பு கேட்பார். வந்தவன் அசட்டுச் சிரிப்புச் சிரிப்பான், அல்லது முறைப்பான். இரண்டுக்குமே ஆமாம் என்றுதான் அர்த்தம். ஊரில் யார் இளைத்தாலும் யார் பெருத்தாலும் தன் கண்ணுக்குத் தப்பாது என்று அவருக்கு ஒரு பெருமை. அந்தப் பெருமையில் கொஞ்சம் உண்மையும் இருந்தது, அதுதான் வினை.

அவருடைய நாய்க்குப் பட்டன் என்று பெயர். குட்டியாக ஒரு மழை நாளில் கடைக்குள் நுழைந்து, வெட்டுத்துணிக் கூடையில் ஏறிப் படுத்தது. படுத்ததோடு சும்மா இருந்ததா? ஒரு வாடிக்கையாளரின் கோட்டுப் பட்டனை விழுங்கி வைத்தது. அந்தப் பட்டன் போக வேண்டிய வழியில் போய் வெளியே வந்தது. கழுவி அதே கோட்டில் தைத்துக் கொடுத்தார். கோட்டுக்காரர் இன்றுவரை அதை மாட்டிக்கொண்டுதான் கல்யாண வீடுகளுக்குப் போய் வருகிறார்.

அன்றிலிருந்து மிஷினுக்கு அடியில்தான் பட்டனின் இருப்பு. அவர் மிதிக்கிற மிதியில் பலகை ஆடும், அதன் பக்கத்தில் தாடையை வைத்துக்கொண்டு அது தூங்கும். மகன் வேலைக்கென்று வேறு ஊர் போய்க் குடியேறிய பிறகு, பகல் முழுவதும் அவர் பேசுவதைக் கேட்க இருந்த ஒரே ஜீவன் அதுதான். பதில் பேசாது, பாதியில் எழுந்து போகாது. அது இல்லாத கடையில் உட்கார்ந்து ஒரு தையல்கூடத் தன்னால் போட முடியாது என்பது அவருக்குத் தெரியும். வெளியே சொல்லமாட்டார். கேட்டால், "காவலுக்கு வெச்சிருக்கேன்" என்பார். அந்த நாய் யாரைப் பார்த்தும் குரைத்ததாகச் சரித்திரம் இல்லை.

கடைக்குப் பின்னால் வீடு. மனைவி ஒரு மளிகைக் கடையில் பருப்பு, அரிசி, மாவு எல்லாம் எடை போட்டுப் பொட்டலம் கட்டுகிற வேலையில் இருந்தாள். கை வைத்தால் எடை நிற்கும். வீட்டிலும் அப்படித்தான். ஒரே டம்ளர், ஒரே பாத்திரம், ஒரே அளவு. கூடவும் கூடாது, குறையவும் குறையாது. மிஞ்சிப்போய்க் கொட்டுவதைப் போலப் பாவம் உலகத்தில் வேறு கிடையாது என்பது அவள் கட்சி.

பட்டனுக்கென்று தனிச் சமையல் இல்லை. அந்த வீட்டு வழக்கம் ஒன்று இருந்தது. டேப்பு சாப்பிட உட்கார்ந்ததும் தட்டில் உள்ளதில் நல்லதாக ஒரு பகுதியை ஓரமாக ஒதுக்கி, "இது பட்டன் பங்கு" என்பார். மீதியைத் தான் சாப்பிடுவார். சாப்பிட்டு முடித்ததும் தட்டோடு பின்வாசலுக்குப் போய், ஒதுக்கியதை அதன் கிண்ணத்தில் தள்ளுவார். பாத்திரத்திலிருந்து நேரே அதன் கிண்ணத்துக்கு எதுவும் போனதில்லை. "என் தட்டுல இருந்து போனாத்தான் அதுக்கு இறங்கும்" என்பார். மனைவியும் அந்தப் பங்கைச் சேர்த்துத்தான் டம்ளரில் அளந்தாள். வருஷக்கணக்காக இப்படியே நடந்தது. நாய் கொழுகொழுவென்று இருந்தது.

அப்புறம் அது இளைக்க ஆரம்பித்தது.

முதலில் கண்டுபிடித்தது அவர்தான், வேறு யார் கண்டுபிடிப்பார்கள்? பழைய மழைக்கோட்டு ஒன்றை வெட்டிப் பட்டனுக்கு ஒரு சட்டை தைத்து வைத்திருந்தார். மழைக்கு அதை மாட்டிவிட்டபோது தொளதொளவென்று தொங்கியது. டேப்பைப் போட்டு மார்பை அளந்தார். மறுபடியும் அளந்தார். முகம் வாடிவிட்டது. உட்கார்ந்து அந்தச் சட்டையைப் பிடித்துத் தைத்தார். கொஞ்ச நாளில் அதுவும் தொங்கியது. முதுகெலும்பு ஒவ்வொரு முடிச்சாகக் கையில் தட்டுப்பட்டது. கழுதை தேய்ந்து கட்டெறும்பான கதையாக, நாய் கண் முன்னால் கரைந்துகொண்டிருந்தது.

"இது எங்கிட்டே இருந்து போயிடும்போல இருக்கும்மா," என்று மனைவியிடம் சொன்னார். சொல்லும்போது குரல் உடைந்தது. அவள் கல்யாணமான நாளிலிருந்து அவர் குரல் உடைந்து கேட்டதில்லை. பயந்துபோனாள்.

பட்டனின் சட்டையைப் பிடிக்க உட்கார்ந்த அன்றே தன் பேண்ட்டிலும் இடுப்பில் கொஞ்சம் பிடித்துக்கொண்டார். அதுவும் இறங்கிக்கொண்டுதான் இருந்தது. கவலைப்படுகிறவன் இளைக்காமல் என்ன செய்வான்? அதற்கு யாராவது காரணம் தேடுவார்களா? மற்றவர்களுக்கு உடம்பு இறங்கினால் பேண்ட் நழுவிக் காட்டிக்கொடுத்துவிடும். சட்டை தோளில் இறங்கி ஊருக்குச் சொல்லிவிடும். இவருக்கு அந்த வசதி இல்லை. மிஷின் பக்கத்திலேயே இருந்தது. தளர்ந்தால் ஒரு தையல், மறுபடி தளர்ந்தால் இன்னொன்று. கை பாட்டுக்குத் தைத்துவிடும், மனசு பட்டனிடம் இருக்கும். பார்க்கிறவர்களுக்கு டேப்பு எப்போதும்போல உடம்புக்குக் கச்சிதமான உடுப்பில்தான் இருந்தார்.

எதிர்க்கடை முடிதிருத்துபவருக்கு மட்டும் கன்னம் அகப்பட்டது. முகத்துக்குச் சோப்புப் போட்டுக்கொண்டே சொன்னார்:

"அண்ணே, கத்தி பள்ளத்துல இறங்குது. கன்னத்தைக் கொஞ்சம் உப்புங்க."

"பட்டன் கவலைடா."

"நாய்க்காக இப்படியா உருகுறது? எங்க வீட்டுல எனக்குக் காய்ச்சல் வந்தாலே சீரியல் முடிஞ்சுதான் திரும்பிப் பார்ப்பாங்க."

"உனக்கு அது புரியாது."

முடிதிருத்துகிற கடையில் விழுந்த செய்தி ஊரில் விழுந்த மாதிரி. சாயங்காலத்துக்குள் தெரு முழுக்கத் தெரிந்துவிட்டது: நாய் இளைக்கிறது, நாயை நினைத்து டேப்பும் இளைக்கிறார். இந்தக் காலத்தில் இப்படி ஒரு மனுஷனா என்று ஆளாளுக்கு உருகினார்கள். ரொட்டிக் கடைக்காரி தினமும் ஒரு பன்னைக் காகிதத்தில் சுற்றி, "பட்டனுக்குக் கொடுங்க" என்று கையில் திணித்தாள். அது நேற்றைய பன்னா இன்றைய பன்னா என்று பார்க்க வழியில் ஒரு விள்ளல் வாயில் போடுவார். கடைக்குப் போய்ச் சேரும்போது காகிதம் மட்டும் கையில் இருக்கும். எங்கேயோ தவறி விழுந்துவிட்டது என்று நினைத்துக்கொள்வார்.

அவருக்கு வேறு சில தொல்லைகளும் இருந்தன. தொண்டை வறண்டுகொண்டே இருந்தது, வாடிக்கையாளர்களோடு பேசிப் பேசித்தான் என்று முடிவு செய்தார். ராத்திரி நாலைந்து தடவை எழுந்தார், பட்டன் மூச்சு விடுகிறதா என்று பார்க்கத்தான் எழுந்ததாகச் சொன்னார். போகிற வழியில் கழிவறைக்கும் போய்வந்தார், அவ்வளவுதான். ஊசியில் நூல் கோர்க்க முடியாமல் கண் மங்கியது, உள்ளுக்குள் அழுகிறவனுக்குக் கண் மங்காதா? எல்லாவற்றுக்கும் பதில் அவர் கையிலேயே இருந்தது. அவ்வளவு பதிலும் ஒரே நாயைச் சுட்டிக்காட்டின.

மனைவி அவரை நாய் டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனாள். நாயைக் கூட்டிக்கொண்டு போனாள் என்று சொல்ல வேண்டும், சரி, இரண்டும்தான்.

டாக்டரம்மா அதிகம் பேசாதவர். பட்டனைத் தூக்கி மேஜையில் வைத்து, வாயைத் திறந்து பல் பார்த்தார், வயிற்றை அமுக்கினார், காதைப் புரட்டினார்.

"தண்ணி நிறையக் குடிக்குதா?"

"இல்லைங்க."

"அடிக்கடி சிறுநீர் போகுதா?"

"எப்பவும்போலத்தான்."

"வாந்தி, பேதி?"

"ஒண்ணும் கிடையாதுங்க. ஆனா ஆள் கரையுதே!"

பூச்சி மருந்து கொடுத்தார். பட்டனிடம் பூச்சி இருந்தாலும் அது பட்டினி கிடந்திருக்கும், ஒன்றும் வெளியே வரவில்லை. அடுத்த தடவை ரத்தம் எடுத்தார், மலம் எடுத்தார். எல்லாம் சுத்தம். அதற்கடுத்த தடவை ஸ்கேன் எடுத்தார். ஈரல், சிறுநீரகம், குடல் ஒவ்வொன்றும் வெகு அழகாக இருந்ததாம். "காரணம் பிடிபடலை" என்று டாக்டரம்மா நேர்மையாகச் சொன்னார். நேர்மையை வைத்துக்கொண்டு டேப்பு என்ன செய்வார்? வெளியே வந்து மரத்தடியில் பட்டனைக் கட்டிப்பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டார். அது அவர் விரல்களை நக்கியது. விரல்களில் ஏதோ சாப்பாட்டு வாசனை இருந்தது.

கடைசியில் டாக்டரம்மா பட்டனைத் தன்னிடம் சில நாள் விட்டுவைக்கச் சொன்னார். விட்டுவிட்டு வந்தார்கள். அந்த நாட்களில் டேப்பு ஏற்றித் தைத்த கால்சட்டை ஒன்றுக்கு இரண்டு காலும் ஒரே நீளமாக இல்லை. திரும்பக் கூட்டிவரப் போனபோது பட்டன் துள்ளிக்கொண்டு வந்தது. எடை ஏறியிருந்தது.

"இங்கே நல்லாச் சாப்பிடுது. சாப்பிட்டா உடம்பு பிடிக்குது," என்றார் டாக்டரம்மா. பிறகு கொஞ்சம் தயங்கி, "வீட்டுல எவ்வளவு கொடுக்குறீங்க?" என்றார்.

டேப்பு எழுந்து நின்றுவிட்டார். "நாங்க பட்டினி போடுறோம்னு சொல்றீங்களா?"

அதைவிடக் கோபம் மனைவிக்கு. அளவிலே குறை சொல்லிவிட்டாளே! ஊருக்கே அளந்து போடுகிற கை அது. "என் அளவு இத்தனை வருஷத்துல ஒரு பிடி குறைஞ்சது கிடையாதுங்க," என்றாள், ஒவ்வொரு சொல்லாக எடை போட்டு.

"கோவப்படாதீங்க. ஒரு வேளைக்கு அதுக்கு எவ்வளவு போகுதோ, அதை ஒரு டப்பாவில போட்டு அடுத்த தடவை எடுத்துட்டு வாங்க. நான் பார்க்கணும். நாய்க்கு உப்பு மட்டும் போடாதீங்க."

மனைவி அன்றைக்குச் சமைத்தது ஒரு வேளைச் சாப்பாடு அல்ல, ஒரு பதிலடி. பட்டன் பங்கு எவ்வளவு என்று அவளுக்குத் தெரியாதா? அந்தக் கணக்கில்தானே தினமும் டம்ளரைச் சாய்க்கிறாள்! சோறு, முட்டை, கறித்துண்டு எல்லாம் உப்பில்லாமல் தனியாக வேகவைத்து, டப்பாவின் விளிம்பு வரை நிரப்பி மூடினாள். போகும் வழியெல்லாம் டப்பாவை மடியில் சாட்சிப் பொருள் மாதிரி வைத்துக்கொண்டிருந்தாள்.

ஆஸ்பத்திரி வராந்தாவில் கூட்டம். பெஞ்சில் உட்கார்ந்தார்கள். பக்கத்தில் ஒரு முயல்காரர், மடியில் வெள்ளை முயலோடு. கொண்டுவந்த தண்ணீர்ப் பாட்டிலை டேப்பு வரும்போதே காலி பண்ணிவிட்டார். "தொண்டை காயுதும்மா," என்றார். டப்பாவை அவர் கையில் கொடுத்துவிட்டு அவள் தண்ணீர் பிடிக்கப் போனாள்.

முயல்காரர் பேச்சுக் கொடுத்தார். "நாய்க்கு என்னங்க?"

"அதை ஏன் கேக்குறீங்க," என்று டேப்பு தொடங்கினார். தொடங்கினால் நிறுத்துகிறவரா? மழைச்சட்டையில் ஆரம்பித்தார், பூச்சி மருந்துக்கு வந்தார், ஸ்கேன் வரை போனார். டப்பா ஒழுகுகிறதா என்று பார்க்க மூடியைத் திறந்தவர், அதை மூடவில்லை. "எலும்பும் தோலுமா ஆயிடுச்சுங்க," என்றார். கை டப்பாவுக்குள் போனது. "சாப்பாட்டுல ஒரு குறையும் வைக்கலை," என்றார். கை வாய்க்குப் போனது. "நான் சாப்பிடுறதுக்கு முன்னாடி அது பங்கை ஒதுக்கிட்டுத்தான் வாயில வெப்பேன்." கை மறுபடி டப்பாவுக்குப் போனது. பேச்சு ஒரு பக்கம் போனது, கை தன் வழியில் போனது. இரண்டுக்கும் அறிமுகமே இல்லை. பெஞ்சுக்கு அடியில் பட்டன் தலையைத் தூக்கி, டப்பாவிலிருந்து வாய்க்கும் வாயிலிருந்து டப்பாவுக்கும் பார்த்துக்கொண்டிருந்தது. முனகவில்லை, குரைக்கவில்லை. பழகிய காட்சி. முயல்காரர் மட்டும் பேச்சைக் கேட்பதை விட்டுவிட்டு வாயைப் பிளந்து உட்கார்ந்திருந்தார்.

மனைவி தண்ணீரோடு வரவும் உள்ளே கூப்பிடவும் சரியாக இருந்தது. அவள் டப்பாவை வாங்கிக்கொண்டு நேரே போய் டாக்டரம்மாவின் மேஜையில் டங்கென்று வைத்தாள்.

"இதோ, பாருங்க. இதுதான் ஒரு வேளைக்கு."

டாக்டரம்மா மூடியைத் திறந்தார். டப்பாவின் ஓரத்தில், அழகாக ஒதுக்கி வைத்த மாதிரி, ஒரு சின்னப் பிடி சோறு இருந்தது. அதன் மேல் முட்டையின் ஒரு துணுக்கு.

"இவ்வளவுதானா?"

மனைவி எட்டிப் பார்த்தாள். அவள் முகத்தில் ரத்தமே இல்லை. "நான் நிரப்பிக் கொண்டுவந்தேன். சத்தியமா நிரப்பித்தான்…" என்றவள் மெதுவாகத் திரும்பிக் கணவரைப் பார்த்தாள். மீசையில் இரண்டு பருக்கை ஒட்டிக்கொண்டிருந்தது.

"என்னங்க, நீங்க சாப்பிட்டீங்களா?"

"நானா? நான் எதுக்கு சாப்பிடுறேன்? உப்பு சரியா இருக்கான்னு ஒரு வாய் பார்த்தேன்."

"அதுல உப்பே போடலைங்க."

டேப்பு டப்பாவைப் பார்த்தார், கையைப் பார்த்தார். விரல்களில் பசை காய்ந்துகொண்டிருந்தது. ஒரு டப்பா உப்பில்லாச் சோறு தனக்குள் இறங்கியிருக்கிறது, இறங்கினது தெரியவில்லை. வேலியே பயிரை மேய்ந்திருக்கிறது, அதுவும் எத்தனை நாளாகவோ. "நான் தினமும் ஒதுக்குறேனே," என்றார், தனக்குத்தானே கேட்பதுபோல. ஒதுக்கத்தான் செய்தார். ஒதுக்கியதைப் பின்வாசலுக்குக் கொண்டுபோவதற்குள் பேச்சோடு பேச்சாக அவர் கையே எடுத்துக்கொண்டிருந்தது. நாய்க்குப் போனது கடைசியில் தட்டோரத்தில் தப்பிய பருக்கைகள்தான்.

டாக்டரம்மா நாற்காலியைத் திருப்பிக்கொண்டு அவரை நேராகப் பார்த்தார்.

"தண்ணி நிறையக் குடிக்குறீங்களா?"

"பட்டனா? அது எப்பவும்போல அளவாத்தான்…"

"பட்டனைக் கேக்கலை."

மனைவி கையிலிருந்த பாட்டிலைப் பார்த்தாள். "குடம் குடமாக் குடிக்கிறார்," என்றாள்.

"ராத்திரி எழுந்திருக்கிறாரா?"

"நாயைப் பார்க்கப் போறேன்னு சொல்வார்." அவள் குரல் இறங்கியது. "நாய் தின்னுறதுக்கு ஒண்ணும் இல்லாம அங்கே தூங்கிக்கிட்டு இருக்கும்."

"உடம்பு இளைச்சிருக்கா?"

"அதெல்லாம் இல்லைங்க," என்று டேப்பு முந்திக்கொண்டார். "பேண்ட் எல்லாம் சரியாத்தான் இருக்கு."

மனைவி எழுந்து வந்தாள். ஒன்றும் கேட்காமல் அவர் சட்டையைத் தூக்கி, பேண்ட்டின் இடுப்புப் பட்டையை உள்பக்கமாகப் புரட்டினாள். தையல். அதன் மேல் தையல். அதற்குள் இன்னொன்று. பிடித்துப் பிடித்து மடித்த துணி கட்டை விரல் கனத்துக்கு உள்ளே சுருண்டு கிடந்தது. அவள் அவர் கழுத்திலிருந்த டேப்பை உருவி இடுப்பைச் சுற்றிப் போட்டாள். ஊர் இடுப்பெல்லாம் அளந்தவர் தன் இடுப்பில் டேப்பு போட்டு வருஷங்கள் ஆகியிருந்தன. குனிந்து எண்ணைப் பார்த்தார்.

"இது சின்னப் பையன் அளவு," என்றார். தொழில்காரர் குரலில்தான் சொன்னார். சொல்லிவிட்டு, மறுபடி ஒரு தடவை எண்ணைப் பார்த்தார்.

"நான் நாய்க்கு டாக்டர்," என்றார் டாக்டரம்மா. "மனுஷங்களுக்கு என்னன்னு நான் சொல்லக் கூடாது. ஆனா ஒரு நாய் இவ்வளவு சாப்பிட்டு, இவ்வளவு தண்ணி குடிச்சு, இப்படி இளைச்சு எங்கிட்ட வந்திருந்தா, இன்னைக்கே ரத்தம் எடுத்திருப்பேன். எதிர்த்தாப்புல ஆஸ்பத்திரி இருக்கு. வீட்டுக்குப் போயிட்டு அப்புறம் வரேன்னு சொல்லாதீங்க. இப்பவே போங்க."

"ஒரு பேண்ட் டெலிவரி இருக்குங்க, சாயங்காலம்…"

"வாங்கன்னா வாங்க," என்றாள் மனைவி. அவள் அந்தக் குரலில் பேசினால் எடைக்கல்கூட நகரும்.

பட்டனை அங்கேயே விட்டுவிட்டுத் தெருவைக் கடந்தார்கள். எதிர் ஆஸ்பத்திரியில் விரல் நுனியில் ஒரு குத்துக் குத்தி, சின்ன மிஷினில் சொட்டு வைத்தார்கள். மிஷின் காட்டியதைப் பார்த்து நர்ஸ் மறுபடி ஒரு தடவை குத்தினாள். பிறகு ஓடிப்போய் டாக்டரைக் கூட்டிவந்தாள். சர்க்கரை. அதுவும் சாதாரணமாக இல்லை. "இன்னும் கொஞ்ச நாள் விட்டிருந்தா நடந்து வந்திருக்க மாட்டீங்க, தூக்கிட்டுத்தான் வந்திருப்பாங்க," என்று அந்த டாக்டர் சொன்னார். எப்போதிலிருந்து என்று கேட்டார். டேப்புக்குத் தேதி தெரியவில்லை. "நாய்க்கு மழைச்சட்டை தொளதொளன்னு ஆனதுல இருந்து," என்றார். டாக்டர் தலையைத் தூக்கி, ஒரு மனநல நிபுணரையும் கூப்பிட வேண்டியிருக்குமோ என்று யோசிப்பதுபோலப் பார்த்தார். மனைவிதான் விளக்கினாள். கட்டிலில் படுக்க வைத்து ஊசியும் டிரிப்ஸுமாக ஏற்றினார்கள்.

தெருவுக்கு இது போய்ச் சேர்ந்ததும் வேறு உருவம் எடுத்துவிட்டது. எஜமானுக்கு வந்த நோயை நாய் தன் மேல் வாங்கிக்கொண்டது என்று ரொட்டிக் கடைக்காரி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். முடிதிருத்துபவர் டாக்டரம்மாவிடமிருந்து பட்டனைக் கூட்டிவந்து தன் கடையில் வைத்துக்கொண்டு, வந்தவர்களுக்கெல்லாம் அதன் தியாகத்தை விளக்கினார். பட்டனுக்கு அப்படி ஒரு எண்ணமே கிடையாது. அது பசியில் கிடந்தது, அவ்வளவுதான். இப்போது நாலு வீட்டுக் கிண்ணம் நிறைந்தது. வந்தவர்கள் சொல்வதைக் கேட்காமல் தின்றுகொண்டிருந்தது.

ஆஸ்பத்திரியில் இரண்டாம் நாள் மத்தியானம் தட்டு வந்தது. தட்டில் இருந்தது எல்லாம் சேர்த்தால் ஒரு குழந்தைக்குக் காணும். டேப்பு பழக்கத்தில் கை நீட்டி ஓரமாக ஒதுக்கப் போனார். ஒதுக்க அங்கே ஒன்றும் இல்லை. கையைப் பின்னுக்கு எடுத்துக்கொண்டார்.

மனைவி கட்டில் விளிம்பில் உட்கார்ந்திருந்தாள். நேற்றிலிருந்து அவள் அவரிடம் பேசவே இல்லை. பேசாத கோபம் என்று நினைத்து அவரும் சும்மா இருந்தார்.

"கொஞ்ச நாளா," என்றாள் அவள், தரையைப் பார்த்துக்கொண்டு, "பாத்திரம் வழிச்சுப் போட்ட மாதிரிக் காலியாகுது. நீங்க அடி வரைக்கும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டீங்க. அப்போ எல்லாம் எனக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா? கல்யாணமாகி இத்தனை வருஷத்துல ஒரு நாள் நல்லா இருக்குன்னு வாய் திறந்து சொன்னதில்லை. இப்பதான் என் சமையல் இவருக்குப் பிடிச்சிருக்குன்னு நினைச்சேன். கடையில் எல்லாருக்கும் சொன்னேன். நாய் விலா எலும்பைத் தடவித் தடவிப் பார்த்தேன். உங்களை ஒரு நாள் தடவிப் பார்க்கலை."

வழிந்த கண்ணைப் புறங்கையால் துடைத்துக்கொண்டாள்.

"சொல்லுங்க. பசியில தின்னீங்களா, இல்லை நல்லா இருந்துச்சா?"

அவர் பொய் சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் அவள் நம்பியிருப்பாள், அழுகையும் நின்றிருக்கும். ஆனால் உப்பில்லாத டப்பாவை அவள் கண்ணால் பார்த்துவிட்டாளே.

"பசிதான்மா," என்றார். "வாயில என்ன போகுதுன்னே தெரியலை. ருசி பார்க்கிறதுக்குள்ள உள்ளே போயிடும்."

அவள் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். அவர் தட்டிலிருந்து ஒரு சின்ன வாய் எடுத்து, மெதுவாக மென்றார். நெடுநேரம் மென்றார்.

"இது நல்லா இல்லை," என்றார். "வீட்டுக்கு எப்போ விடுவாங்கன்னு கேளு. நீ சமைச்சதை நான் இன்னும் ஒழுங்காச் சாப்பிட்டுப் பார்க்கலை."

அவள் எழுந்து நர்ஸைத் தேடிக்கொண்டு போனாள்.